முதலில் கீழே வந்தவள்

ஜனவரி 18

மகாராணிக்கு,

உன் போன் தீயோடு போய்விட்டது என்று தெரியும். அதனால் உன் அண்ணனின் எண்ணுக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். எப்போது கூப்பிட்டாலும், "அவளால இப்ப பேச முடியாதும்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறார். பேச முடியாதாம். ஆபீஸில் உன் வாய்க்குப் பயந்து மேனேஜர் பக்கத்து வழியாகச் சுற்றிக்கொண்டு போவார், உன்னால் பேச முடியாதா? பேசப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லச் சொல். எனக்கு ரோஷம் கம்மி, தாங்கிக்கொள்வேன்.

விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். ஆள் சேர்ப்புப் பிரிவில் இருக்கிற அந்தச் சிடுமூஞ்சியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். தபால் தலை எங்கே விற்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே பாதி நாள் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அது உனக்குத் தெரியுமா தெரியாதா, அதுகூட எனக்குத் தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நிற்க வைத்துவிட்டார்கள். உன் அண்ணன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுவாரம் வந்தால் கட்டில் காலி. ஊருக்கு அழைத்துப் போய்விட்டார் என்றார்கள். காலி என்றதும் முதலில் வேறு மாதிரி நினைத்துவிட்டேன்.

ஆபீஸ் போன வாரம் திறந்துவிட்டது. ஒன்பதாம் மாடிதான் முழுக்கக் கரி. நம் பதினான்காம் மாடியில் சுவருக்குப் புது வர்ணம் அடித்துவிட்டார்கள். அடித்தும் வாடை போகவில்லை. உன் மேஜையில் நொறுங்கின கார்ப் படங்கள் ஒரு கட்டு அப்படியே கிடக்கிறது. ஒரே பம்பரை மூன்று காருக்கு மாட்டிப் படமெடுத்துக் காப்பீடு கேட்ட அந்த ஆளை நீ பிடித்தாயே, அவன் மறுபடியும் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறான். உன்னைத் தவிர யாருக்கும் அது கண்ணில் படாது.

கால் எப்படி இருக்கிறது? திட்டியாவது எழுது.

வாயாடி

*

ஜனவரி 27

வாயாடிக்கு,

திட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். உட்கார்ந்து எழுத முடிகிறவரை எழுதுகிறேன்.

காலைப் பற்றிக் கேட்டாய். சின்ன வயதுக் காய்ச்சல் இரண்டு காலில் ஒன்றை முழுசாகவும் ஒன்றை அரைகுறையாகவும் எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். அந்த அரைகுறைதான் இப்போது உடைந்திருக்கிறது. தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது பத்தாவது மாடித் திருப்பத்தில் சுவரில் இடித்துக்கொண்டது. அவர்கள்மேல் குற்றமில்லை. கண் தெரியாத புகை. இனி ஊன்றுகோலை வைத்துக்கொண்டும் நிற்க முடியாது என்கிறார் டாக்டர்.

நான் இருந்த இடத்தை நீ பார்த்திருக்கிறாய், ஆனால் உட்கார்ந்து பார்த்ததில்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் பச்சைப் பலகை மாட்டி, "காத்திருக்கும் இடம்" என்று எழுதியிருப்பார்களே, அங்கே. படியில் இறக்கும் அந்த நாற்காலியைச் சுவரிலிருந்து எடுத்து உறையைக் கழற்றினால், கடைக்காரன் சுற்றிய பிளாஸ்டிக்கே இன்னும் பிரிக்கவில்லை. கணக்குப் பிரிவுத் தடியன் பல்லால் கிழித்தான். விரிக்கத் தெரியவில்லை. ஒருவன் இழுக்க, ஒருவன் அமுக்க, பாதியில் சிக்கிக்கொண்டது. கையில் தூக்கலாம் என்றால் மேல்மாடிக் கூட்டமெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. "கையில தூக்கக் கூடாதுன்னு விதி இருக்கு, இந்த இடம் பத்திரமானது, ஆள் அனுப்புறோம்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் இறங்கினார்கள். நீ மட்டும் நின்றாய். அப்புறம் நீயும் இறங்கினாய்.

முதலில் செருப்புச் சத்தம் நிறையக் கேட்டது. பிறகு ஒன்றிரண்டு. பிறகு சத்தமே இல்லை. அந்த மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. நான் கத்தினேன். பச்சைப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, யார் பேரெல்லாம் ஞாபகம் வந்ததோ எல்லோரையும் கூப்பிட்டேன். கதவிடுக்கு வழியாகப் புகை வந்த பிறகும் வாயை மூடவில்லை. மூடியிருக்க வேண்டும்.

ஆள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாராவது உன்னிடம் சொன்னார்களா?

மகாராணி என்று இனி எழுதாதே. அது தீ ஒத்திகை நாளில் சொல்லிச் சிரித்தது.

*

பிப்ரவரி 4

மகாராணிக்கு,

அப்படித்தான் எழுதுவேன். வேறு எப்படியும் உன்னைக் கூப்பிட எனக்கு வராது.

ஏன் ஆள் வரவில்லை என்று கேட்டாயே, சொல்கிறேன். கேட்டுவிட்டு இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் போடு.

நான் கீழே ஓடியது என் சின்னதுக்காக. இரண்டாம் மாடிக் குழந்தைகள் காப்பகத்தில் இருந்தாள். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு குழந்தையும் இல்லை. அவர்களைத்தான் எல்லோருக்கும் முன்னால் இறக்கியிருக்கிறார்கள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் வரிசையாக உட்கார்ந்து, ஆயா சொல்லச் சொல்லக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, "அம்மா, இன்னிக்கு ஸ்கூல் வெளில" என்றாள். அவளை ஆயாவிடமே விட்டுவிட்டுத் திரும்பினேன். வாசலில் காவலாளி குறுக்கே கையை வைத்துவிட்டார். நம் மாடிக்குப் பொறுப்பாளர், அதான் அந்த மஞ்சள் சட்டை, அவர் கையைப் பிடித்து இழுத்து, "மேல ஒருத்தி இருக்கா, ஆள் அனுப்புங்க" என்று கத்தினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யாரு, அவங்களா? அவங்க எப்பவும் முதல்லயே கீழ வந்துடுவாங்களே மேடம். மரத்தடியில பாருங்க, டீ குடிச்சிட்டு இருப்பாங்க. நம்ம மாடி கணக்கு எப்பவோ முடிஞ்சாச்சு."

புரிகிறதா? ஒவ்வொரு ஒத்திகைக்கும் மணி அடிப்பதற்கு முன்னாலேயே உன்னை லிப்டில் கீழே அனுப்பிவிடுவோமே. உன்னைப் படியில் இறக்கினால் நேரமாகும், சீக்கிரம் இறங்கும் மாடிக்குத் தருகிற வேகக் கோப்பை நமக்குக் கிடைக்காது. மூன்று தடவை வாங்கினோம். கோப்பையோடு படம் எடுத்தபோது நீதான் நடுவில், மடியில் வைத்துக்கொண்டு. "முதலில் இறங்கும் மகாராணி" என்று பேர் வைத்ததே அந்த மஞ்சள் சட்டைதான். மணி அடித்ததும் அவர் மனசுக்குள் உன்னை முதல் ஆளாகக் கீழே இறக்கிவிட்டார். பொய் சொல்லவில்லை. அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்பினார்.

மரத்தடிக்கு என்னையே இழுத்துக்கொண்டு போனார். உன் இடத்தில் வேறு யாரோ காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம்தான் அவர் முகம் மாறியது. தீயணைப்புக்காரர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் ஒன்பதாம் மாடியை விட்டுவிட்டு மேலே ஏறி... நான் கீழே நின்றுகொண்டு கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சாப்பிடுகிறாயா? அண்ணி எப்படி?

வாயாடி

*

பிப்ரவரி 12

வாயாடிக்கு,

மஞ்சள் சட்டையை நான் குறை சொல்லவில்லை. ஒத்திகைக்கு முன்னால் லிப்டில் போவது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆபீஸ் முழுக்க வேடிக்கை பார்க்க, மூட்டை மாதிரி படியில் இறங்கி வர யாருக்கு ஆசை? உங்களுக்குக் கோப்பை, எனக்கு மானம். இரண்டும் கிடைத்தது.

என் வயிறு எரிவது வேறு ஒன்றுக்கு. நீ அதைத் தொடாமலேயே பக்கம் பக்கமாக எழுதுகிறாய்.

நான், "போ, போய்க் குழந்தையப் பாரு" என்றேன். உண்மைதான். நான் போ என்றால் நீ போய்விடுவாயா? நாம் பழகிய இத்தனை வருஷத்தில் நான் வேண்டாம் என்று சொன்ன எதை நீ விட்டிருக்கிறாய்? சாப்பாடு வேண்டாம் என்றால் தட்டில் போட்டுவிட்டுத்தான் பேசுவாய். கல்யாணத்துக்கு வரவில்லை என்றால் வண்டியோடு வாசலில் நிற்பாய். தனி வீடெல்லாம் எனக்கு எதற்கு என்றேன். வீட்டுச் சொந்தக்காரியிடம் மல்லுக்கு நின்று வாசல் படியை இடிக்க வைத்து, சரிவு போட வைத்து, சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாய். என் பேச்சை ஒரே ஒரு நாள்தான் கேட்டாய். அதற்கு அந்த நாள்தானா கிடைத்தது?

அண்ணியைப் பற்றிக் கேட்டாய். நல்லவள். முகம் சுளிக்காமல் எல்லாம் செய்கிறாள், பக்கத்து அறைக்குப் போய்ப் பெருமூச்சு விடுகிறாள். நான் எங்கே இருக்கிறேன் என்று நினைக்கிறாய்? மாடியில். கீழே அண்ணனின் அச்சகம், இயந்திரம் வைத்திருக்கிறான். மேலேதான் வீடு. குறுகின படி, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாது. வந்த அன்று அண்ணனும் அச்சகத்து ஆள் ஒருவரும் சேர்ந்து தூக்கி வந்தார்கள். மறுநாளே அண்ணனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதிலிருந்து டாக்டரே இங்கே வருகிறார். தெருவை ஜன்னல் கம்பிக்குள்ளிருந்துதான் பார்க்கிறேன். கீழே இயந்திரம் ஓடும்போது கட்டில் அதிர்கிறது. ஏதாவது பற்றிக்கொண்டால் என்று நினைப்பேன். கீழே முழுக்கக் காகிதம்.

ராத்திரியெல்லாம் மனசுக்குள் உன்னோடு சண்டை போடுகிறேன். விடிந்தால் நீ இல்லையே என்று இருக்கிறது. இதற்கு என்ன செய்ய?

*

பிப்ரவரி 17

மகாராணிக்கு,

நாலு தாளைக் கசக்கிப் போட்டாயிற்று. இது ஐந்தாவது.

நீ போ என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவுதான். நீ சொல்ல மாட்டாயா என்று காத்துக்கொண்டுதான் நின்றேன். உன் கண் என்ன சொல்கிறது என்று பார்க்காமல் இறங்கினேன், பார்த்திருந்தால் கால் நகர்ந்திருக்காது. இதற்கு மேல் நீ கேட்டாலும் என்னிடம் ஒன்றும் இல்லை.

இனி காரியத்தைப் பேசலாம். மூன்று விஷயம் இருக்கிறது, எதுவும் நன்றாக இல்லை.

ஆபீஸில் புது விதி போட்டுவிட்டார்கள். சொந்தக் காலால் படியிறங்க முடியாதவர்களுக்குத் தரைத்தளத்துக்கு மேலே வேலை கிடையாதாம். பாதுகாப்புக்காகவாம். கூட்டத்தில் உன் பேரைச் சொல்லித்தான் படித்தார்கள், இரண்டு பேர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்கள். தரைத்தளத்தில் இருப்பது வரவேற்பு மேஜை ஒன்றுதான், வருகிறவர்களுக்கு அட்டை கொடுத்து வாங்குகிற வேலை. உனக்கு அதை மார்ச் வரைக்கும் வைத்திருக்கிறார்கள். உன் மூளைக்கு அது அவமானம்தான், எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே கால் வைத்துவிட்டால், அந்தப் படி நாற்காலியை இறக்கப் பழகாமல் ஆளை ஏன் தரைத்தளத்துக்குத் தள்ளுகிறீர்கள் என்று அங்கிருந்தே சண்டை போடலாம். உன்னைவிட யாருக்கு வரும் அது?

அடுத்தது உன் வீடு. இந்த மாதத்தோடு காலி செய்வதாக உன் அண்ணன் வீட்டுச் சொந்தக்காரியிடம் சொல்லிவிட்டாராம். நான் போய் மார்ச் முதல் தேதிவரை தவணை வாங்கி, சாவியைக் கையில் வைத்திருக்கிறேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அந்தச் சரிவு வீட்டுக்கு அழகைக் கெடுக்கிறது, நீ போனால் உடைத்துவிடுவேன் என்கிறாள்.

மூன்றாவது நான். என் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து மாதமாகிறது. அங்கிருந்து தினமும் போனில் கத்துகிறார். நீ திரும்பி வராமல் நகர மாட்டேன் என்று சொல்லி இழுத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும் தெரியவில்லை. நீ வந்தால் இங்கேயே இருப்பேன், அது சத்தியம்.

வருகிறேன் என்று ஒரு வரி எழுது. வண்டியோடு வருகிறேன்.

வாயாடி

*

பிப்ரவரி 21

வாயாடிக்கு,

வராதே.

உன்மேல் கோபம் என்று இல்லை. நிம்மதியாக இருந்தது என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்த பிறகு கோபம் எங்கேயோ போய்விட்டது. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. இப்போது எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பயமாக இருக்கிறது. என்னை யாராவது தூக்க வந்தாலே உடம்பு உதறுகிறது. போன வாரம் எக்ஸ்ரே எடுக்கக் கீழே இறக்கியே ஆக வேண்டும் என்று அச்சகத்து ஆட்கள் வந்தார்கள். கட்டில் சட்டத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அண்ணி விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். கடைசியில் டாக்டர், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று போய்விட்டார். இந்த லட்சணத்தில் நான் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து யாருக்கு அட்டை கொடுப்பது?

வீட்டை விட்டுவிடு. செடியை நீ எடுத்துக்கொள். சின்னதையும் அழைத்துக்கொண்டு உன் கணவரிடம் போ. வந்தாலும் பார்க்க மாட்டேன். யார் வந்தாலும் தூங்குகிறேன் என்று சொல்லச் சொல்லி அண்ணியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

*

பிப்ரவரி 24

மகாராணிக்கு,

போ என்றால் போய்விடுவாயா என்று கேட்டவள் நீ. அதனால் வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவேன். தடியனும் வருகிறான். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. ஆபீஸ் நாற்காலியைக் கேட்டு வாங்கி, சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மஞ்சள் சட்டையை உட்கார வைத்துப் பதினான்கு மாடியும் இறக்கிப் பழகியிருக்கிறான். என்னையும் இறக்கினான். நன்றாகத்தான் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போகிறது. தூக்கவே வேண்டியதில்லை. யாரும் உன்மேல் கை வைக்க மாட்டார்கள். பட்டையைப் போட்டுக்கொண்டு நீ கண்ணை மூடிக்கொண்டால் போதும்.

வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நான் மட்டும் முதலில் வருகிறேன். கூட்டத்தைப் பார்த்தால் உதறும் உனக்கு. நீ சரி என்றால்தான் அவனைக் கூப்பிடுவேன். அன்று சாயங்காலம் வீட்டுச் சொந்தக்காரிக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வாயாடி

*

மார்ச் 1, ஞாயிறு

வாயாடிக்கு,

நீ போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. நாளைக் காலையில் அண்ணன் இதைத் தபாலில் போடுவான்.

நீ தெருவில் திரும்பியபோதே பார்த்துவிட்டேன். விடிந்ததிலிருந்து ஜன்னலோரம்தான் இருந்தேன். அந்த நீலச் சேலை உனக்கு நன்றாகவே இல்லை. உன்னைப் பார்த்ததும் என் பயமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தலை வாரிக்கொண்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

அண்ணி வாசலில் உன்னிடம் நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டது. "தூங்குறாம்மா. யாரையும் பாக்கலேன்னு சொல்லிட்டா." நீ மேலே நிமிர்ந்து பார்த்தாய். நான் கூப்பிட்டேன்.

உனக்கு ஒன்று சொல்லாமல் இருந்துவிட்டேன். எனக்குக் குரல் இல்லை. புகை தொண்டையைத் தின்றுவிட்டது. காற்றுதான் வருகிறது, பக்கத்தில் காதை வைத்தால் கேட்கும். அண்ணன் உன்னிடம் போனில் சொன்னது சாக்கு இல்லை. நான்தான் உனக்குத் தெரிய வேண்டாம் என்று அவன் வாயை அடைத்தேன். நீ என் வாயைக் கிண்டலடிப்பாய், நான் உன்னை வாயாடி என்பேன், அதுதானே நாம். அதுவும் போயிற்று என்று உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை.

நீ நிமிர்ந்து பார்த்தபோது, "வா, மேலே வா" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஒன்றும் வரவில்லை. கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன். தம்ளரை எடுத்துக் கம்பியில் தட்டலாம் என்று திரும்பினேன். எடுத்துத் திரும்புவதற்குள் நீ முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்துவிட்டாய். தட்டினேன். கீழே அச்சு இயந்திரம். ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறான் பாவி.

அண்ணி மேலே வந்து, நான் அழுவதைப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை செருப்பில்லாமல் ஓடினாள். வண்டி போய்விட்டது. உன் எண் அவளிடம் இல்லை. அண்ணன் போனில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருந்தானாம், அதை இப்போதுதான் எடுத்துக் கூப்பிடுகிறான். நீ அணைத்து வைத்திருக்கிறாய்.

வருகிறேன். அந்த வரவேற்பு மேஜைக்கு வருகிறேன். தடியனிடம் பட்டையை இறுக்கிப் போடச் சொல். சாவியைக் கொடுத்துவிடாதே.

மகாராணி

*

மார்ச் 1, ராத்திரி

மகாராணிக்கு,

இன்று உன்னைப் பார்த்துவிட்டேன், அதுவே போதும். இளைத்துப் போயிருக்கிறாய்.

உன் அண்ணி சொன்னதை நான் நம்பவில்லை. தள்ளிக்கொண்டு மேலே ஏறத்தான் இருந்தேன். அதற்குள் ஜன்னலில் உன்னைப் பார்த்தேன். நீ தூங்கவில்லை. கம்பிக்கு வெளியே கையை நீட்டி, போ போ என்று விரட்டினாய். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வாய் என்று நின்றேன். திட்டினால்கூட ஏறி வந்திருப்பேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வேண்டாம் என்று நீ வாயால் சொல்வதை நான் எப்போதும் மதித்ததில்லை. இது அப்படி இல்லை என்று பட்டது. உன் முகம் அந்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.

தடியன்தான் வண்டியைத் திருப்பி ஓட்டினான். நாற்காலி பின்னால் ஆடிக்கொண்டே வந்தது.

சாவியைச் சாயங்காலம் கொடுத்துவிட்டேன். செடியை எடுத்துக்கொண்டேன். நான் வெளியே வரும்போதே அந்தம்மாள் கொத்தனாரோடு நின்று சரிவை அளந்துகொண்டிருந்தாள். என் கணவரிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சாமானெல்லாம் கட்டியாயிற்று, விடிந்தால் வண்டி. என் போனும் ஆபீஸ் கொடுத்ததுதான், தெருமுனையிலேயே அணைத்துவிட்டேன், சாயங்காலம் ஆபீஸ் காவலாளியிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று.

உனக்கு இனி தொந்தரவு கொடுக்க மாட்டேன். புது விலாசம் எழுதவில்லை. எழுதினால் நீ பதில் போட வேண்டியிருக்கும்.

வாயாடி